நீலகிரிக் குளிரில் எஃப்.ஆர்.பி. கோபர் கேஸ் கலன்: கேஸும் வரும், மாட்டு ஊசியும் வரும்

சமவெளியில் தயாராகி மேட்டுப்பாளையம் வழியாக மலையேறி வரும் எஃப்.ஆர்.பி. கோபர் கேஸ் கலனைப் பற்றிய மதிப்புரை இது. கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்து வார்த்த தொட்டி, அதன்மேல் மிதக்கும் டிரம், ஓர் அடுப்பு, கொஞ்சம் குழாய் எல்லாம் ஒரே தொகுப்பாக ‘2 கன மீட்டர்’ என்ற பெயரில் விற்கப்படுகிறது. ஊட்டி, கேத்தி, கோத்தகிரி, குன்னூர் பக்கம் இரண்டு மூன்று கலப்பினப் பசு வைத்திருக்கும் வீடுகளை மனதில் வைத்து எழுதுகிறோம். ஓட்டலுக்கும் விடுதிக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கலன் உறுதியானது, வாங்கலாம். ஆனால் உள்ளே வேலை செய்வது கோடானுகோடி நுண்ணுயிர்கள். அவற்றுக்குத் தீனி அளவாக வேண்டும், சூடு வேண்டும், மாட்டுக்குப் போடும் ஆன்டிபயாடிக் அவற்றின் பக்கம் வரக்கூடாது. முதல் இரண்டையும் விற்பவர் அரைகுறையாகவாவது சொல்லிவிடுவார். மூன்றாவதைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் வாய் திறப்பதில்லை. அதனால் இங்கே அதற்குத்தான் அதிக இடம்.

பெயரில் உள்ள ‘2’ எந்த ஊர்க் கணக்கு?

நாட்டில் கோபர் கேஸ் கலன்களைச் சாணம் உள்ளே தங்கும் நாளை வைத்து மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள்: வெப்பமான தென் மாநிலங்களுக்கு 30 நாள், நடுத்தரப் பகுதிக்கு 40, குளிர்ந்த மலைப்பகுதிக்கு 55. தமிழ்நாடு மொத்தமும் 30 நாள் கணக்கில் அடங்கிவிடுகிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது.

2 கன மீட்டர் கேஸுக்கு ஒரு நாளைக்கு 50 கிலோ பச்சைச் சாணம், 50 லிட்டர் தண்ணீர். ஆக 100 லிட்டர் கரைசல். 30 நாளுக்கு 3,000 லிட்டர் தொட்டி. வண்டியில் வந்து இறங்குவது இந்த 3,000 லிட்டர்தான். அதே தொட்டியில் கரைசல் 55 நாள் தங்க வேண்டுமானால் தினம் 54 லிட்டர்தான் ஊற்ற முடியும், அதாவது 27 கிலோ சாணமும் 27 லிட்டர் தண்ணீரும். கையேட்டில் போட்டிருக்கிறதே என்று 50 கிலோவை ஊட்டியில் ஊற்றினால், பாதி செரித்த சாணம் மறுபக்கம் வெளியே வழியும். மெதுவாகப் பெருகும் மீத்தேன் நுண்ணுயிர்கள் பெருகும் வேகத்தைவிட வேகமாக வெளியே அடித்துச் செல்லப்படும். கலன் ‘கெட்டுப்போச்சு’ என்று கைவிடுவதற்கு முன் எல்லோரும் பார்க்க வேண்டிய முதல் கணக்கு இது.

சமவெளியில் ஒரு கிலோ சாணம் சுமார் 40 லிட்டர் கேஸ் தரும். தொட்டிக்குள் வெப்பம் 35 டிகிரி இருந்தால் நுண்ணுயிர்களுக்குக் கொண்டாட்டம், 15 டிகிரிக்கு இறங்கினால் பாதிக்கும் கீழே, 10 டிகிரிக்குக் கீழ் கிட்டத்தட்ட நின்றே போகும். ஊட்டியில் ஒன்றரை, இரண்டு மீட்டர் ஆழத்தில் மண் ஆண்டு முழுக்க 15 டிகிரியை ஒட்டியே இருக்கும். உறைபனி அந்த ஆழத்துக்கு எட்டாது, வெயிலும் எட்டாது. எனவே 27 கிலோ சாணத்துக்குக் குளிர்காலத்தில் 500 லிட்டர், ஏப்ரல், மே மாதங்களில் நன்றாகப் போர்த்திய கலனில் 750 லிட்டர் என்று எதிர்பார்ப்பதே நியாயம். ஒரு கன மீட்டர் கேஸ் 0.43 கிலோ சிலிண்டர் கேஸுக்குச் சமம். கணக்குப் போட்டால் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று வெயில் காலத்தில் ஒன்றரை மாதத்துக்கு ஒன்றும், பனிக்காலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒன்றும் மிச்சமாகும். இதற்குமேல் வாக்குறுதி தருகிற விற்பனையாளரிடம், அது எத்தனை டிகிரியில் எடுத்த கணக்கு என்று கேளுங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் இருப்பவர்கள் இந்தப் பத்தியைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆயிரம் மீட்டர் உயரத்தில் 40 நாள் கணக்கே போதும்.

இன்னொரு ஏமாற்றும் உண்டு. ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். அதனால் கேஸ் விரிந்து நிற்கும். குளிர் கொஞ்சம் சுருக்கினாலும், டிரம்மில் தெரியும் ஒரு கன மீட்டரில் சமவெளிக் கன மீட்டரைவிட ஐந்தில் ஒரு பங்கு மீத்தேன் குறைவு. டிரம் நன்றாக உயர்ந்திருக்கிறதே, அரிசி ஏன் வேக நேரமாகிறது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது. தண்ணீரே 92, 93 டிகிரியில் கொதித்துவிடும் ஊர் இது என்பது மீதிப் பதில்.

பொருத்துவதில் கெடுவது

எஃப்.ஆர்.பி.யின் பெரிய நன்மை எடை. வண்டி போகாத ஹட்டிகளில் (படகர் ஊர்களில்) படிக்கட்டு வழியாக நான்கு பேர் தூக்கிக்கொண்டு போய்விடலாம். செங்கல், மணல், தேர்ந்த கொத்தனார் எதுவும் வேண்டாம். இரும்பு டிரம்போல மூன்று நான்கு மழைக்காலத்தில் துருப்பிடித்து ஓட்டையாவதும் இல்லை. பொக்லைன் வைத்துத் தோண்ட நீலகிரியில் அனுமதி வேண்டும் என்பதால் குழியைக் கையால் வெட்டுவதே நடைமுறை. இந்தத் தொட்டிக்கு அது முடியும்.

ஆனால் எடைக் குறைவே இரண்டு தொல்லைகளையும் கொண்டுவருகிறது. காலித் தொட்டியைக் குழியில் இறக்கிவிட்டு ‘நாளைக்குச் சாணம் போடலாம்’ என்று விட்டால், இரவு மழையில் குழிக்குள் தண்ணீர் நிறைந்து தொட்டி மேலே மிதந்துவிடும். 3,000 லிட்டர் தொட்டியை மூன்று டன் விசை மேலே தள்ளும், தொட்டியின் சொந்த எடை அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இறக்கிய அன்றே பாதியாவது தண்ணீர் நிரப்புங்கள். குழியின் அடியில் சரிவுப் பக்கமாக ஒரு வடிகால் குழாய் கட்டாயம். கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழை முடியும் வரை குழி வெட்டவே வேண்டாம்.

அடுத்தது அழுத்தம். அடுப்புக்கு 8 செ.மீ. நீரழுத்தமாவது வேண்டும். டிரம்மின் விட்டம் 1.25 மீட்டர் என்றால் ஒவ்வொரு செ.மீ. அழுத்தத்துக்கும் 12 கிலோ எடை, ஆக மொத்தம் 98 கிலோ. டிரம்மே 40 கிலோதான் என்றால் மீதி 58 கிலோவை நீங்கள் வைக்க வேண்டும். மணல் மூட்டைகளை எதிரெதிராகச் சம எடையில் வைத்துக் கட்டுங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் டிரம் நடுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். தீ மெலிந்து எரிகிறது என்ற புகாரில் ஒரு பெரிய பங்குக்கு இந்த மூட்டைகளே மருந்து. அடுப்பும் கோபர் கேஸ் அடுப்பாகவே இருக்க வேண்டும். சிலிண்டர் அடுப்பின் ஜெட் துளை இதற்குப் போதாது.

சூட்டைக் காப்பதில் சிக்கனம் பார்க்காதீர்கள். தொட்டியைச் சுற்றி 15 முதல் 20 செ.மீ. இடைவெளி விட்டு, உலர்ந்த தென்னைநார்க் கழிவையோ உமியையோ பிளாஸ்டிக் சாக்கில் கட்டி அடுக்குங்கள். நனைந்த உமி சூட்டைக் காக்காது, அதனால்தான் சாக்கும் வடிகாலும். மேலே ஒரு சின்னக் குடில், கார்னேஷன் வளர்ப்பவர்கள் போடும் அதே பாலித்தீன் தாள். கேஸ் தேங்காதபடி அதன் உச்சியில் காற்று போக வழி இருக்கட்டும். டிரம்முக்குக் கறுப்பு நிறம். இவ்வளவும் செய்தால் தொட்டிக்குள் நான்கைந்து டிகிரி கூடும், அது கேஸில் நன்றாகவே தெரியும். சாணத்தை வெந்நீரில் கரைத்து ஊற்றச் சொல்வார்கள். கணக்குப் பார்த்தால் 40 டிகிரி வெந்நீர் 25 லிட்டர், 15 டிகிரியில் இருக்கும் 3,000 லிட்டரை 0.2 டிகிரிதான் உயர்த்தும். தொட்டியைச் சூடாக்கும் என்று நம்பி விறகு எரிக்க வேண்டாம். காலை ஐஸ் தண்ணீரில் கரைத்து ஊற்றுவதைத் தவிர்த்து, வெயில் ஏறிய பிறகு மதியம் ஊற்றினால் அதுவே போதுமானது.

காந்தல், தலைகுந்தா போன்ற பள்ளமான இடங்களில் டிரம்மைச் சுற்றிய தண்ணீரில் விடியற்காலை மெல்லிய பனித்தகடு கட்டக்கூடும். அது உருகிய பிறகே டிரம்மைத் திருப்புங்கள். காலையும் மாலையும் பத்துத் தடவை திருப்பினால்தான் மேலே ஏடு கட்டாது. குழாயில் ஈரம் படிந்து தண்ணீர் தேங்குவது குளிரில் அதிகம். குழாயின் மிகத் தாழ்வான இடத்தில் ஒரு வடிகால் திருகு வைத்து வாரம் ஒருமுறை திறந்துவிடுங்கள். கரடியும் காட்டெருமையும் நடமாடும் ஊரில் வேலி இல்லாமல் இந்தக் கலனை வைக்கக் கூடாது. தொட்டிக்குள் எக்காரணம் கொண்டும் ஆள் இறங்கக் கூடாது. கசிவை சோப்பு நுரையால் மட்டுமே தேட வேண்டும், தீக்குச்சியால் அல்ல.

கூடவே தரும் நுண்ணுயிர்ப் பொடி

தொகுப்போடு ஒரு பாக்கெட் ‘கல்ச்சர் பொடி’ சேர்த்து விலை போடுகிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மீத்தேன் தருபவை பாக்டீரியாவே அல்ல, ஆர்க்கியா என்ற தனிக் குலம். 1977-இல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் இவற்றைத் தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். ஆக்சிஜன் பட்டால் இவற்றுக்கு ஆகாது. ஆய்வகத்தில் இவற்றை வளர்ப்பதற்கே காற்றை வெளியேற்றிய அடைத்த குழாய்களில், ராபர்ட் ஹங்கேட் வகுத்த முறையில், மெனக்கெட வேண்டியிருக்கிறது. காற்றில் உலர்த்தி அரைத்த பொடியில் அவை வேலை செய்யும் அளவுக்குப் பிழைத்து வரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

புதுச் சாணத்திலேயே மாட்டின் வயிற்றில் இருந்து வரும் மீத்தேன் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அதற்குமேல் வேண்டுமானால் நன்றாக ஓடும் கலன் ஒன்றிலிருந்து 300 லிட்டர் கரைசல், அதாவது தொட்டியில் பத்தில் ஒரு பங்கு, கேன்களில் விளிம்பு வரை நிரப்பிக் காற்றிடம் விடாமல் மூடி, அன்றே கொண்டுவந்து ஊற்றுங்கள். உங்கள் உயரத்திலேயே ஓடும் கலனாக இருந்தால் இன்னும் நல்லது, அந்தக் குளிருக்குப் பழகிய கூட்டம் அது. கரைசல் தருபவரிடம் ஒரு கேள்வி மட்டும் மறக்காமல் கேளுங்கள்: கடைசி இரண்டு மாதத்தில் மாட்டுக்கு ஊசி போட்டீர்களா?

முதல் தடவை தொட்டி முழுவதையும் சாணமும் தண்ணீரும் சரிபாதியாகக் கரைத்து நிரப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். முதலில் வரும் கேஸில் கரியமில வாயுதான் அதிகம், எரியாது. முதல் இரண்டு தடவை டிரம் நிறைந்ததும் அந்தக் கேஸை வெளியே விட்டுவிடுங்கள். சமவெளியில் மூன்று வாரத்தில் தீ பிடிக்கும். இங்கே மார்ச்சில் தொடங்கினால் ஒன்றரை மாதம் வரை ஆகலாம், டிசம்பரில் தொடங்கினால் பொறுமை போய்விடும்.

மாட்டுக்கு ஊசி போட்ட வாரம்

கலப்பினப் பசுவுக்கு மடிவீக்க நோய் வருவது சகஜம். ஈரத் தொழுவம், குளிர், அதிகப் பால் மூன்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மருத்துவர் ஆக்சிடெட்ராசைக்ளின், செஃப்ட்ரியாக்ஸோன், என்ரோஃப்ளோக்சசின் என்று ஏதாவது ஒன்றைப் போடுவார். போட்ட மருந்தில் ஒரு நல்ல பங்கு சிதையாமல் அப்படியே சாணத்திலும் மூத்திரத்திலும் வெளியே வரும். அந்தச் சாணம் நேரே கலனுக்குப் போகிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ‘மீத்தேன் நுண்ணுயிருக்கு ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது’ என்று பாதி படித்தவர்கள் சொல்வதுண்டு. பென்சிலின் குடும்பத்து மருந்துகள் பாக்டீரியாவின் செல்சுவரைக் கட்டவிடாமல் தடுப்பவை. ஆர்க்கியாவுக்கு அந்தச் சுவர்ப் பொருளே கிடையாது, அதனால் நேரடி அடி விழாது. அது வரை உண்மை. ஆனால் மீத்தேன் நுண்ணுயிர் சாணத்தை நேரே தின்பதில்லை. முதல் கூட்டம் நாரையும் புரதத்தையும் உடைக்கும், இரண்டாவது கூட்டம் அதை அமிலங்களாக்கும், மூன்றாவது கூட்டம் புரோப்பியோனிக், பியூட்ரிக் அமிலங்களை அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் மாற்றும். அதற்குப் பிறகுதான் மீத்தேன். முந்தைய மூன்று கூட்டமும் பாக்டீரியாக்கள், அதிலும் மூன்றாவது கூட்டம் மிகவும் நோஞ்சான், பெருகவும் நேரமெடுக்கும். அது அடிபட்டால் அமிலம் தேங்கும், பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு; 7-க்குக் கீழே போகப் போகப் புளிப்பு அதிகம்) இறங்கும், அந்தப் புளிப்பில் மீத்தேன் நுண்ணுயிரும் சுருண்டுவிடும்.

குளிரால் கேஸ் குறைவதும் மருந்தால் குறைவதும் ஒன்றுபோலத் தெரியும், வைத்தியம் வேறு. குளிர் என்றால் வாரக்கணக்கில் மெல்ல இறங்கும், தீனி அளவாக இருந்தால் பி.எச். 7-ஐ ஒட்டியே நிற்கும், கரைசலில் சாண வாடைதான் வரும். மருந்து என்றால் ஊசி போட்டுச் சில நாட்களில் தடாலென்று இறங்கும், தீ பற்றிக்கொண்டு அணையும், வெளியேறும் கரைசலில் ஊசிப்போன வெண்ணெய்போல ஒரு புளித்த நெடி வரும், பி.எச். தாள் 6.5-க்குக் கீழ் காட்டும். பி.எச். தாள் ஒரு புத்தகம் வாங்கிச் சுவரில் மாட்டி வையுங்கள். இந்தக் கலனுக்குத் தேவையான கருவி அது ஒன்றுதான், தொகுப்பில் அது இருப்பதில்லை.

புளித்துவிட்டால் தீனியை ஒரு வாரம் பத்து நாள் நிறுத்துங்கள். அரைக் கிலோ நீற்றுச் சுண்ணாம்பைப் பத்து லிட்டர் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கலக்கி, இரண்டு நாள் கழித்துப் பி.எச். பாருங்கள். 6.8 வந்தால் போதும், மேலே ஊற்ற வேண்டாம். தொட்டியில் கால் பங்கை எடுத்துவிட்டு நல்ல கலனின் கரைசலால் நிரப்புங்கள். பிறகு வழக்கமான தீனியில் கால் பங்கு, அடுத்த வாரம் அரைப் பங்கு என்று ஏற்றுங்கள். அவசரப்பட்டு முழுத் தீனி போட்டால் மறுபடி புளிக்கும்.

ஆனால் கலன் நிற்பது சின்னப் பிரச்சினை. கலன் நிற்காமல் ஓடிக்கொண்டிருப்பதுதான் பெரிய பிரச்சினை. ஒரு கணக்கு: 350 கிலோ பசு, கிலோவுக்கு 10 மி.கி. ஆக்சிடெட்ராசைக்ளின், ஐந்து நாள். மொத்தம் 17.5 கிராம். அதில் பாதி கலனுக்குள் வந்தால் 3,000 லிட்டரில் லிட்டருக்குக் கிட்டத்தட்ட மூன்று மி.கி. அதில் பெரும்பகுதி சாணத்தின் திடப்பொருளில் ஒட்டிக்கொள்ளும். பல கலன்கள் இந்த அளவைத் தாங்கி ஓடிவிடும், வீட்டுக்காரருக்கு ஒன்றுமே தெரியாது. ஆனால் மருந்து எதிர்ப்பு உள்ள பாக்டீரியாவை மற்றவற்றுக்கு மேலாகத் தூக்கிவிட இதில் மிகச் சிறிய பங்கே, லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கே போதும் என்று ஆய்வகப் போட்டிச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. கொல்லாத அளவு மருந்து, நெருக்கமான கூட்டம், 55 நாள் அவகாசம்: எதிர்ப்பு மரபணுவைச் சுமக்கும் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையம் ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ இதைவிட வசதியான இடம் இருக்காது. உலகில் 2019-இல் மட்டும் மருந்து எதிர்ப்பு பாக்டீரியாவால் நேரடியாக இறந்தவர்கள் 12.7 லட்சம் பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கின் ஒரு நுனி நம் தொழுவங்களிலும் இருக்கிறது.

அதனால் ஊசி போட்ட நாள் முதல் கடைசி ஊசிக்குப் பிறகு குறைந்தது பத்து நாள் வரை அந்த மாட்டின் சாணம் கலனுக்குப் போகக் கூடாது. மடிக்குள் ஏற்றும் டியூப் மருந்துக்கும் இதே விதி. அந்தக் காலத்தில் கறக்கும் பாலை விற்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதைக் கன்றுக்குக் கொடுப்பதும் கலனில் கொட்டுவதும் அதே அளவு தப்பு. சாணத்தையும் அந்தப் பாலையும் தனிக் குழியில் காய்ந்த இலை, வைக்கோலோடு சேர்த்துக் குவித்து எருவாக்குங்கள். குவியலின் நடு 55 டிகிரியை எட்டி, 15 நாள் அந்தச் சூட்டில் நின்று, ஐந்து முறையாவது புரட்டப்பட வேண்டும். ஊட்டிக் குளிரில் ஒரு மீட்டருக்குக் குறைந்த குவியல் சூடேறாது. இதில் டெட்ராசைக்ளின், பென்சிலின் வகைகள் நன்றாகச் சிதையும். என்ரோஃப்ளோக்சசின் சட்டென்று சிதையாது, அந்த எருவைக் காய்கறிக்குப் போடாமல் தேயிலைக்கோ சில்வர் ஓக் மரத்தடிக்கோ போடுங்கள்.

பத்து நாள் போதுமா என்று சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே ஒரு பாட்டில் சோதனை செய்யலாம். இரண்டு லிட்டர் பாட்டில் மூன்று எடுத்து, மூன்றிலும் கலனில் இருந்து ஒரு லிட்டர் கரைசல் ஊற்றுங்கள். முதலாவதில் வேறு எதுவும் சேர்க்காதீர்கள். இரண்டாவதில் மருந்து படாத மாட்டின் சாணம் 100 கிராம், மூன்றாவதில் ஊசி போட்ட மாட்டின் சாணம் 100 கிராம். மூடியில் துளையிட்டு சலைன் குழாய் செருகி எம்-சீல் வைத்து அடையுங்கள். குழாயின் மறுமுனை, தண்ணீர் நிரப்பி வாளியில் கவிழ்த்து வைத்த இன்னொரு பாட்டிலுக்குள் போகட்டும். மூன்றையும் அடுப்பங்கரையில் ஒரே சூட்டில், கறுப்புத் துணி போர்த்தி வைத்து, இறங்கும் நீர்மட்டத்தைத் தினம் குறியுங்கள். பத்து நாள் கழித்து இரண்டாவதிலும் மூன்றாவதிலும் இருந்து முதலாவதின் அளவைக் கழியுங்கள். மூன்றாவது, இரண்டாவதைவிட ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்தால் அந்தச் சாணம் இன்னும் வெளியேதான் இருக்க வேண்டும். குழாய் வழி அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அடைத்தால் பாட்டில் வெடிக்கும். இந்தச் சோதனை கேஸ் பாதிப்பை மட்டுமே காட்டும். மருந்து எதிர்ப்பு இருக்கிறதா என்று அறிய ஆய்வகத்தில் செஃபோடாக்சிம் என்ற ஆன்டிபயாடிக் கலந்த மெக்கான்கி ஊடகத் தட்டிலும் (குடல் பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கும் தட்டு) கலக்காத தட்டிலும் ஒரே கரைசலைத் தடவி, இரண்டிலும் முளைக்கும் இளஞ்சிவப்புப் புள்ளிகளை எண்ணி ஒப்பிட வேண்டும்.

தொழுவம் கழுவிய பினாயில் தண்ணீர், பிளீச்சிங் பவுடர், குளம்புக்குப் போடும் மயில்துத்தக் கரைசல் மூன்றும் கலன் பக்கமே வரக் கூடாது. யூகலிப்டஸ் தைலம் காய்ச்சிய இலைச் சக்கை, தேயிலைக் கழிவு, சீகைமரப் பட்டை ஆகியவையும் வேண்டாம், அவற்றின் எண்ணெயும் துவர்ப்பும் நுண்ணுயிரை முடக்கும். கேரட், பீட்ரூட் கழிவு சர்க்கரை நிறைந்தது, சட்டென்று புளிக்கும். சாணத்தின் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை, நன்றாக நறுக்கிப் போடலாம். முட்டைகோஸ் இலை அதிகமானால் அழுகிய முட்டை நாற்றம் வரும் கேஸ் வரும், அடுப்பின் பித்தளையை அது அரிக்கும்.

கோழி எரு கலந்தால் கேஸ் கூடும் என்று சொல்வார்கள், கூடும்தான். ஆனால் சமவெளிப் பண்ணைகளில் இருந்து லாரியில் வரும் கோழி எருவில் அம்மோனியா அதிகம், என்ன மருந்து கொடுத்தார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியாது. மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் கோலிஸ்டின் மருந்தைக் கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்த நாடு இது. அதைச் செயலிழக்கச் செய்யும் எம்.சி.ஆர்-1 மரபணு பிளாஸ்மிட்டில் ஏறித் தாவுகிறது என்று 2015-இல் சீனாவிலிருந்து செய்தி வந்தது. இந்தியாவில் 2019 ஜூலையில்தான் உணவுக்கான விலங்குகளுக்கு அதைத் தடை செய்தார்கள். சொந்த மாட்டின் சாணத்துக்கு மட்டுமே நீங்கள் பொறுப்பேற்க முடியும்.

வெளியே வரும் கரைசல்

‘கிருமி இல்லாத இயற்கை உரம்’ என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை இந்தக் கலனின் மிக மோசமான குறை என்று எண்ணுகிறோம். உரமாக அது அருமையானது, அம்மோனியா வடிவில் தழைச்சத்து உடனே கிடைக்கும், மலைக்காய்கறிக்கு அது பெரிய வரம். கிருமி இல்லாதது என்பது மட்டும் சரியல்ல. 50, 55 டிகிரியில் ஓடும் பெரிய ஆலைகளில் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா வெகுவாகச் சாகும். 15 டிகிரி தொட்டியில் ஓரளவுதான் குறையும். பாக்டீரியா செத்த பின்னும் எதிர்ப்பு மரபணு மிஞ்சலாம். சல்ஃபா மருந்துகளை எதிர்க்கும் சல்-1 மரபணு செரிப்புக்குப் பிறகும் குறையாமல் இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

கேரட்டைப் பச்சையாகத் தின்கிறோம். அதனால் வளரும் கேரட், லெட்யூஸ், முள்ளங்கி மேல் கரைசலை ஊற்றவே கூடாது. அமெரிக்க இயற்கை வேளாண் விதியில் பதப்படாத சாண எருவுக்கு ஒரு கணக்கு உண்டு: மண்ணைத் தொடும் விளைச்சலுக்கு இட்ட நாளில் இருந்து அறுவடை வரை 120 நாள், தொடாததற்கு 90 நாள். இந்தக் கரைசலுக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். இங்கே கேரட் சுமார் 100 நாள் பயிர். விதைப்புக்கு மூன்று வாரம் முன்பே கரைசலை இட்டு மண்ணோடு கொத்திவிட்டால் கணக்கு சரியாக வரும். உருளைக்கிழங்கைச் சமைத்துத்தான் சாப்பிடுகிறோம், அங்கே அவ்வளவு இறுக்கம் வேண்டாம். சரிவில் கனமழைக்கு முன் ஊற்றினால் நேரே ஓடைக்குப் போகும், அந்த ஓடைத் தண்ணீரில்தான் கீழே இன்னொருவர் கேரட் கழுவுகிறார். கரைசல் குழிக்குக் கூரையும், ஒரு மாதக் கரைசலாவது கொள்ளும் அளவும் (54 லிட்டர் வீதம் சுமார் 1,600 லிட்டர்) வேண்டும். தொகுப்பில் இந்தக் குழி இல்லை, செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

யார் வாங்கலாம்

தினம் 27 கிலோவுக்குக் குறையாமல் சாணம் கிடைக்கும் வீடு, அதாவது தொழுவத்தில் கட்டி வைத்த இரண்டு கலப்பினப் பசு. மேய்ச்சலுக்கு விடும் மாடு என்றால் மூன்று. ஒரே மாடு உள்ள வீட்டுக்கு வேண்டாம், அந்த மாட்டுக்கு ஊசி போட்டால் கலனுக்குத் தீனியே இருக்காது. நான்கு மாடும் அசையாத மண்ணும் உள்ளவர்கள், 1984-இல் அஃப்ப்ரோ (AFPRO) என்ற தொண்டு நிறுவனம் வடிவமைத்த தீனபந்து வகையைப் பாருங்கள். மண்ணுக்குள் புதைந்த செங்கல் குவிமாடம் என்பதால் இரவுக் குளிர் இதைவிடக் குறைவாகத் தாக்கும், ஆனால் விரிசல் விடாமல் கட்டத் தெரிந்த கொத்தனார் வேண்டும். பலூன் வகை மலிவு, ஊட்டியில் அது பனிக்காலம் முழுக்கச் சும்மா கிடக்கும், கூடலூரில் வைத்துக்கொள்ளலாம்.

விற்பவரிடம் தொட்டியின் மொத்தக் கொள்ளளவை லிட்டரில் எழுதி வாங்குங்கள், ‘2 கன மீட்டர்’ என்று மட்டும் போட்ட பில்லை ஏற்க வேண்டாம். இடமும் பணமும் இருந்தால் அதே 2 கன மீட்டர் டிரம்முக்கு 5,500 லிட்டர் தொட்டி கேளுங்கள், 50 கிலோ சாணத்தைத் தாங்கும் மலைக் கலன் அதுதான். ஜனவரியில் ஆர்டர் கொடுத்தால் பிப்ரவரியில் குழி வெட்டி, மார்ச் முதல் வாரத்தில் சாணம் நிரப்பிவிடலாம்.